லயத்துக்கும் புதுக்கடைக்கும் நடுவே: இலவச சட்ட உதவிச் சேவை மலையகத்தில் எப்படி?

இலங்கைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் இலவச சேவையை மலையகத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழும் ஒருவருக்குத் தயங்காமல் சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம். தாபரிப்பு (வாழ்க்கைச் செலவுப் பணம்), குடும்ப வன்முறை, பிணை ஆகிய மூன்றுக்கும் நேரே போகலாம். வேலைநீக்கம், சேவைக்காலப் பணம் (வேலை முடியும்போது கிடைக்கும் பணிக்கொடை) என்றால் கடதாசிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு போகவேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்றால் முதல் வாரத்திலேயே போனால்தான் பயன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்போம். குறையும் ஒன்றரையில் பெரும்பகுதி, சேவையைச் சுற்றியுள்ள மொழிக்கும் தூரத்துக்கும் உரியது.

1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டத்தின்கீழ் அமைந்தது இந்த ஆணைக்குழு. அதன் நிர்வாகத்தில் இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கும் பங்குண்டு. பொலிஸுக்கோ அரச திணைக்களத்துக்கோ எதிராகப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற நகரங்களில் நிலையங்கள் இருக்கின்றன. கொழும்பு 12, புதுக்கடையில் தலைமையகம்.

கையில் எடுத்துப் போகவேண்டியவை: தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், கிராம உத்தியோகத்தர் தரும் வருமானச் சான்று, கடைசி இரண்டு மூன்று மாதச் சம்பளச் சிட்டை, பிரச்சினை தொடர்பான எல்லாக் கடதாசிகளும். இலவசமாகப் பெறுவதற்கான மாத வருமான எல்லை அவ்வப்போது மாறும் என்பதால் போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். தோட்டத்தில் இருவர் சம்பளம் எடுக்கும் குடும்பத்துக்கு இந்த எல்லை நெருக்கடி தரும். கொழுந்துக் காலத்துச் சிட்டையை மட்டும் காட்டினால் வருமானம் கூடுதலாகத் தெரியும். மழைக்காலத்தில் வேலைநாள் குறைந்த மாதத்துச் சிட்டையையும் சேர்த்துக் கொடுங்கள், அதுதான் உண்மை நிலை.

முதலில் தடுக்குவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல், ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்குமாக. இந்த மூன்றும் ஒரே ஆள் என்று ஒரு சத்தியக்கடதாசியை சமாதான நீதவான் முன்பாகச் செய்து முதல் நாளே கோப்பில் போட்டுவிட்டால், பிறகு வழக்கு நடுவில் ஒத்திவைப்பு வராது.

அடுத்தது பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகம். சட்டச் சேவையின் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சட்டத்தரணியைப் பார்ப்பதற்கு முன் எழுதப்பட்ட அந்த ஒரு பக்கந்தான். மத்திய, ஊவா மாகாணங்களில் அது அநேகமாகச் சிங்களத்தில் எழுதப்படும். சொன்னவர் தமிழில் சொல்லியிருப்பார். பக்கத்தின் கடைசியில், வாசித்து விளங்கப்படுத்தப்பட்டதாக ஒரு வரி இருக்கும், அதன் கீழேதான் கையொப்பம். விளங்கப்படுத்தாமலே அந்த வரிக்குக் கீழே ஒப்பமிட்டவர், பிறகு நீதிமன்றத்தில் “நான் அப்படிச் சொல்லவில்லை” என்றால் எடுபடுவது கஷ்டம். அடித்தவரின் பெயரோ, நேரமோ, காயம் எந்தக் கையில் என்பதோ மாறியிருந்தால் வழக்கே சாய்ந்துவிடும்.

அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச அலுவலருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையைத் தருகிறது. ஆகவே தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அந்நேரம் இல்லையென்றால், உங்கள் கூற்றை நீங்களே தமிழில் ஒரு தாளில் எழுதி, திகதியும் ஒப்பமும் இட்டு, அதை முறைப்பாட்டுடன் இணைக்கச் சொல்லிப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் பக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். உறவினர் தடுத்து வைக்கப்பட்டிருந்தால், சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே போய் அவர் சார்பில் பேச 2012 ஆம் ஆண்டின் விதிகள் இடம் தருகின்றன. பிடியாணையின்றிக் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்வது. அந்த நேரத்துக்குள் சட்டத்தரணி ஒருவரைப் பிடிப்பதற்குத்தான் ஓடவேண்டும்.

நீதிமன்றத்திலும் இதே கதை. 24 ஆவது உறுப்புரையின்படி வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில் இருக்கும். ஆனால் வழக்காளி மனுவைத் தமிழில் தாக்கல் செய்யலாம், விளங்காதவருக்கு அரசு மொழிபெயர்ப்பாளரை வழங்கவேண்டும். இதைச் சட்டத்தரணி முதல் தவணையிலேயே கேட்டுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். கேட்காமல் விட்டு, சாட்சி சொல்லும் நாளில் கேட்டால் அந்த நாள் ஒத்திவைப்பில் போகும், கூலிநாளும் போகும். சட்ட உதவி நிலையத்தில் பெயர் பதியும்போதே தமிழ் பேசும் சட்டத்தரணி வேண்டுமென்று விண்ணப்பத்தில் எழுதுங்கள். வாயால் சொல்வது மறந்துபோகும்.

இந்தச் சேவை நன்றாக வேலை செய்யும் இடம் குடும்ப வழக்குகள். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் மனு, மனுதாரர் வசிக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே போடலாம். ஹட்டனில் இருப்பவர் கணவன் வேலைசெய்யும் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. கட்டளையிட்ட பணம் வராவிட்டால் சம்பளத்திலிருந்து நேரடியாகக் கழிக்கச் செய்யலாம். மாதச் சிட்டை உள்ள தோட்டத் தொழிலாளி விடயத்தில் இது நடைமுறைக்கு நல்ல வழி. 18 முதல் 25 வயதுவரை படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை விரைவில் பெறலாம். முழுக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். லயத்தில் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால், வீட்டை விட்டு யார் வெளியேறுவது என்ற கேள்வியை மனுவிலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மறந்தால் கட்டளை கையிலிருந்தும் பயமில்லாமல் தூங்க முடியாது.

தொழில் பிரச்சினைகளில் இந்த அளவுக்கு எளிதில்லை. வேலைநீக்கம் என்றால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின்கீழ் தொழில் நியாயசபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போகவேண்டும். இங்கே தவறு எப்படி நடக்கிறது என்றால், செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில்) பெயர் வெட்டப்பட்டதும் தொழிற்சங்கத் தலைவர் தோட்ட நிர்வாகத்துடன் பேசுவார். “அடுத்த மாசம் எடுத்துக்குவாங்க” என்று பதில் வரும். ஐந்து, ஆறு மாதம் இப்படியே போகும். பேச்சுவார்த்தை நடந்த காலத்துக்காகத் திகதி நின்று கொடுக்காது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். சங்கமே உறுப்பினர் சார்பில் போடலாம், சட்டத்தரணி இல்லாமலும் ஆஜராகலாம்.

சேவைக்காலப் பணத்துக்கு (1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம்) வழி வேறு. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியானால் உரித்துண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாய், சேவை 20 வருடம் என்று வைத்தால் 14 × 20 = 280 நாள், அதாவது 3,78,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும், பிந்தினால் தாமதத்துக்கேற்ப 10 முதல் 30 வீதம் வரை மேலதிகம் சேரும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுவது, அங்கிருந்து சான்றிதழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். இதற்குச் சட்டத்தரணிக்குக் காசு கட்டத் தேவையேயில்லை. கம்பனி கைமாறிய தோட்டத்தில் பழைய வருடங்கள் விடுபட்டிருக்கிறதா என்று கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் சட்ட உதவியிடம் கேட்கவேண்டியது.

இனி அடிப்படை உரிமை. இதைத்தான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் சனநாயகம் என்று சொல்வது கடைசியில் ஒரு குடிமகன் அரசை நீதிமன்றத்தில் நிறுத்த முடிவதில் வந்து நிற்கிறது. 126 ஆவது உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு. உயர் நீதிமன்றம் கொழும்பில் மட்டும். அடிபட்டவர் வைத்தியசாலையில் ஒரு வாரம், வீட்டில் பயத்தில் ஒரு வாரம், சங்கத்தாரிடம் ஒரு வாரம் என்று மாதம் முடிந்துவிடும்.

இதற்கு இரண்டு வாசல் இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆவது பிரிவின்படி, அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால் அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததா என்று உயர் நீதிமன்றம் கேட்டிருக்கிறது. முறைப்பாட்டு இலக்கமும் விசாரணைக்கு அழைத்த கடிதமும் இல்லாமல் மனு தள்ளப்படலாம். இரண்டாவது வாசல், 1990 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகளில் 44(7): வசதியில்லாதவர் எழுதும் கடிதத்தையே மனுவாகக் கருதி, சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க இடமுண்டு. தமிழில் எழுதிய ஒரு பக்கக் கடிதம், பதிவுத்தபால் பற்றுச்சீட்டோடு. இது தெரிந்திருந்தால் பலர் மாதத்தைத் தவறவிட்டிருக்கமாட்டார்கள்.

மலையகத்தார் நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லும்போது மனதில் இருப்பது 1948 தான். பிரஜாவுரிமைச் சட்டத்தால் வாக்குரிமை போனதை எதிர்த்து, றுவான்வெலத் தொகுதி வாக்காளர் பதிவு தொடர்பாக எழுந்த கோடகன் பிள்ளை வழக்கு 1953 இல் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் தோற்றது. பிறகு எத்தனையோ ஆண்டுகள் கழித்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் நாடற்றோர் பிரச்சினைக்குப் பெரும்பாலும் முற்றுப்புள்ளி விழுந்தது. அந்தத் தோல்வியை வைத்து நீதிமன்றமே வேண்டாம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் 2018 டிசெம்பர் 13 ஐக் காட்டுவோம்: ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று ஏழு நீதியரசர் ஒருமித்துத் தீர்ப்பளித்த நாள். 2022 ஏப்ரல் தொடக்கத்தில் மிரிஹானவில் அப்போதைய ஜனாதிபதியின் வீட்டருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில் கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் கட்டணமின்றி நீதிமன்றத்தில் நின்றார்கள். உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட் 22 இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தேர்தலில் நுவரெலியா மாவட்டப் பிரதேச சபைகளும் அடக்கம். வாக்கு எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்பதற்கு இது நம் வீட்டு உதாரணம்.

மிரிஹானவில் நின்ற அந்தத் துணிவு நோர்வூட்டிலோ பூண்டுலோயாவிலோ இரவு பத்து மணிக்குக் கைதான இளைஞனுக்குக் கிடைக்கிறதா என்பதே இந்த மதிப்புரையில் கழித்த புள்ளிகளின் காரணம். சட்டத்தரணிகள் சங்கத்தின் மலையகக் கிளைகளிடம் கேட்பது மூன்று: வார இறுதியிலும் அழைக்கக்கூடிய தமிழ் பேசும் சட்டத்தரணிகளின் பட்டியல் ஒவ்வொரு பொலிஸ் நிலையச் சுவரிலும், சட்ட உதவி விண்ணப்பம் தமிழில் தோட்ட அலுவலகத்திலேயே, மாதம் ஒருமுறை தோட்டப் பாடசாலையில் ஓர் ஆலோசனை அமர்வு. பெருஞ்செலவு எதுவுமில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர்கள். ஏற்கெனவே ஒரு சட்டத்தரணிக்கு புரொக்ஸி (உங்கள் சார்பில் ஆஜராக எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தால், சட்ட உதவிக்கு மாறுமுன் நீதிமன்ற அனுமதியுடன் அதை இரத்துச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் புதிய சட்டத்தரணி உங்களுக்காக எழுந்து நின்றாலும் பதிவேட்டில் பழைய பெயரே இருக்கும். நீதிமன்ற வாசலில் “நான் பேசித் தாறேன்” என்று வருபவருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம், சட்ட உதவி நிலையம் எங்கே என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.