மீன் தொட்டி ஒழுகினால், டியூப்பைப் படிக்காமல் யாரையும் ஒட்ட விடாதீர்கள்

தொட்டி ஒழுகுகிறது, ஒட்ட ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டுத் தொட்டியில் நான்கு ஏஞ்சல் மீனும் ஐந்து கோரிடோராஸ் மீனும் செத்துப் போயின. நோய் எதுவும் இல்லை, தண்ணீரும் கெடவில்லை. தொட்டியை ஒட்ட வந்தவர் மீன் தொட்டிக்கான சிலிக்கான் பசை என்று சொல்லி, பாத்ரூம் சிலிக்கானைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 160 லிட்டர் பிடிக்கும். 2016இல் கொளத்தூரில் சொல்லிச் செய்து வாங்கியது. ஒன்பது வருடம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்புறம் ஒரு நாள் ஸ்டாண்டின் ப்ளைவுட் ஓரத்தில் உப்பியிருப்பதைப் பார்த்தேன். கையை வைத்தால் ஈரம். டார்ச் அடித்துப் பார்த்ததில் பின்பக்க அடிமூலையில் சிலிக்கான் பழுப்பேறி, ஓரம் லேசாக எழும்பியிருந்தது. தெரிந்த ஒரு மீன் கடையில் கேட்டேன். "நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரு, வீட்டுக்கே வந்து பண்ணிக் கொடுப்பாரு" என்று நம்பர் கொடுத்தார்கள்.

மீன்களை அறுபது லிட்டர் நீல டப் ஒன்றில் மாற்றி, பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சையே அதில் ஓட விட்டேன். இந்த ஸ்பாஞ்ச் விஷயம் பின்னால் முக்கியமாகிறது.

வந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். பிளேடால் எழும்பியிருந்த இடத்தை மட்டும் நறுக்கி எடுத்தார். மீதி பழைய சிலிக்கானைத் தொடவில்லை. "முழுசா எடுக்க வேண்டாமா தம்பி?" என்று கேட்டேன். "அது நல்லா இருக்குக்கா, மேலேயே ஒரு கோட் ஓட்டிடலாம்" என்றார். என்ன சிலிக்கான் என்றதற்கு, "அக்வேரியம் சிலிக்கான்தான்க்கா, இம்போர்ட்டட். டியூப் மட்டுமே 850" என்றார். டியூப்பைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தது. கை வழுக்காமல் இருக்க ஒட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பூசும்போது வினிகர் நெடி வந்தது. வினிகர் நெடி வந்தால் மீனுக்கு ஆபத்தில்லாத சிலிக்கான் என்று பல பேர் சொல்லிக் கேட்டிருந்ததால், எனக்கு அதிலேயே திருப்தி ஆகிவிட்டது. கூலி 1,550, டியூப் 850, மொத்தம் 2,400 கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டில் 'கண்ணாடி வேலை' என்று எழுதி, தொகையைப் போட்டுக் கொடுத்தார். "24 மணி நேரம் போதும்க்கா, நாளைக்கே தண்ணி விடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் மூன்று நாள் விட்டேன். ஒரு முறை தண்ணீர் நிரப்பி, கொட்டி, மறுபடி நிரப்பி, ஆன்டி குளோரின் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன்களை விட்டேன். ஸ்பாஞ்சையும் டப்பிலிருந்து எடுத்து மாட்டினேன்.

சனிக்கிழமை காலையில் லைட் போட்டதும் கோரிடோராஸ்தான் முதலில் கண்ணில் பட்டன. இந்த மீன் வழக்கமாகவே அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். அன்றைக்கு எட்டும் மாறி மாறி மேலே பாய்ந்துகொண்டே இருந்தன. கீழே போனதும் ஒரு விநாடி நிற்கும், மறுபடி பாயும். ஒன்று கூழாங்கல் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் மீசை மட்டும் அசைந்தது. ஏஞ்சல்கள் ஐந்தும் ஏர் ஸ்டோன் குமிழி வரும் இடத்தில் நெருக்கியடித்து நின்றன. செவுள்கள் விரிந்து சிவந்திருந்தன. உடம்பில் மெல்லிய வெள்ளைப் படலம்.

உடனே அம்மோனியா டெஸ்ட் பண்ணினேன். மஞ்சள் நிறம், அதாவது பூஜ்ஜியம். நைட்ரைட்டும் பூஜ்ஜியம். ஸ்பாஞ்ச் பழையது, மீன் கழிவில் வரும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சிதைக்கும் பாக்டீரியா அதில் உயிரோடு இருந்தது. அதனால்தான் அந்த எண்கள். அப்படியானால் தண்ணீரில் வேறு என்னவோ இருக்கிறது. டப்பில் புதுத் தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றாக மாற்றினேன். ஞாயிறு இரவுக்குள் ஒரு ஏஞ்சலும் மூன்று கோரிடோராஸும்தான் மிஞ்சின. செத்ததில் எங்கள் ஏஞ்சல் ஜோடியின் பெண் மீனும் ஒன்று. அமேசான் ஸ்வார்ட் செடியின் இலையில் முட்டை வைத்துவிட்டு, இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நிற்கும். நாலு வருடமாக எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அது.

திங்கட்கிழமை ஸ்டாண்டுக்குப் பின்னால் பெருக்கும்போது அந்தக் காலி டியூப் கிடைத்தது. டேப்பை உரித்தேன். முதலில் ஒரு வாஷ்பேசின் படம் தெரிந்தது. அதற்குக் கீழே 'ஆன்டி ஃபங்கஸ்', 'சானிட்டரி' என்று பெரிய எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில், மீன் தொட்டிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் கை நடுங்கியது. தயாரித்தவர் எழுதி வைத்திருக்கிறார், வந்தவர் அந்த எழுத்தின் மேலேயே டேப் ஒட்டியிருக்கிறார்.

வினிகர் நெடியைப் பற்றி எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அந்த நெடி அசிட்டிக் அமிலம். ஒரு வகைச் சிலிக்கான், காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். இறுகி முடிந்ததும் அது போய்விடும். ஆக, அந்த நெடி அது எந்த முறையில் இறுகுகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லவே சொல்லாது. பாத்ரூம் வகைகளிலும் வினிகர் நெடி வருவது நிறைய உண்டு. குளியலறை ஓரங்களில் கருப்புப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலக்கிறார்கள். முன்பு ஆர்செனிக் உள்ள ஓபிபிஏ என்ற பொருள்கூடக் கலந்திருக்கிறார்கள். இப்போது ஐசோதயசோலினோன் குடும்பத்தைச் சேர்ந்த ஓஐடி, டிசிஓஐடி போன்றவை. இந்த இரண்டின் பாதுகாப்புத் தாளை (சேஃப்டி டேட்டா ஷீட்) தேடிப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு பட்ட மரமும் செத்த மீனும் வரைந்திருக்கும். நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு என்பதற்கான உலகக் குறியீடு அது. அந்த மருந்தின் வேலையே ஈரம் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிவதுதான். பாத்ரூமில் கசிந்தால் சாக்கடைக்குப் போகும். தொட்டியில் கசிந்தால் மீனின் செவுளுக்குத்தான் போகும். கழுவினாலும் போகாது, ஊற வைத்தாலும் போகாது. அறுத்து எடுத்தே ஆக வேண்டும்.

'100% சிலிக்கான்' என்று போட்டிருந்தால் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் நம்ப வேண்டாம். 'ஜிபி' என்று ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கொடுக்கும் பொது உபயோக டியூப்களும் வேண்டாம். பலவற்றில் எண்ணெய் கலந்து நீர்த்துப்போக வைத்திருப்பார்கள். நாளடைவில் சுருங்கி, பிடி விட்டுவிடும். ஒன்றரை அடி உயரத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால், மூன்றடி முன்கண்ணாடி மீது மட்டும் தண்ணீர் தள்ளும் விசை ஏறக்குறைய 95 கிலோ எடைக்குச் சமம். அதை ராத்திரி பகலாக, வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சிலிக்கான்தான். கண்ணாடி லேசாக வளைந்து கொடுக்கும், சிலிக்கானும் கூடவே இழுபட்டுக் கொடுக்க வேண்டும். எபாக்ஸி புட்டி வைத்து அடைப்பது இதனால்தான் நிற்பதில்லை. அது கல் மாதிரி இறுகி, கண்ணாடியிலிருந்து விட்டுவிடும்.

அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். "மீன் செத்ததுக்கு நான் என்னக்கா பண்ண முடியும், தண்ணி மாத்தினீங்கல்ல" என்றார். டியூப்பைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதோடு போனை எடுக்கவில்லை. கடைக்குப் போனேன். நம்பர் கொடுக்கும்போது "நம்ம ஆள்" என்றவர்கள், இப்போது "அவர் எங்க ஆள் இல்லைங்க மேடம்" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசினேன். ரசீது கேட்டார்கள். என்னிடம் இருந்தது 'கண்ணாடி வேலை' என்ற சீட்டு. அதில் கடைப் பெயர் இல்லை, பொருள் பெயர் இல்லை. மறுபடி கடைக்குப் போய், டியூப்பையும் டேப்பையும் மேசை மேல் வைத்து, புகார் எண்ணையும் சொன்ன பிறகு ஆயிரம் ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். மீனுக்கு ஒரு வார்த்தை வருத்தம்கூடச் சொல்லவில்லை. அதனால் ஒட்ட ஆள் வந்தால் டியூப்பின் பெயர், வகை, தொகை மூன்றையும் எழுதி, கடை முத்திரையோடு ரசீது வாங்குங்கள். தர மறுத்தால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தொட்டியை நானே சரி செய்தேன். அப்போதுதான் இரண்டாவது ஏமாற்றும் தெரிந்தது. அவர் பூசிய புதுச் சிலிக்கானின் ஒரு முனையை நகத்தால் கிள்ளி இழுத்தேன். முக்கால் அடி நீளம் ரிப்பன் மாதிரி உரிந்து கையோடு வந்துவிட்டது. இறுகிய பழைய சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் ஒட்டாது. கண்ணாடியில்தான் ஒட்டும். மேலே ஒரு கோட் ஓட்டினால் போதும் என்று எவர் சொன்னாலும், அவருக்கு இந்த வேலை தெரியாது, இல்லாவிட்டால் தெரிந்தே சொல்கிறார்.

உள்பக்க ஓரம் முழுவதையும் புது பிளேடு போட்டுச் சுரண்டினேன். இரண்டு நாள் ஆனது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் இணைப்பில் கை வைக்கவில்லை. அங்கே குமிழியோ பிரிவோ இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேன். அங்கே பிரிந்திருந்தால் உள் ஓரம் பூசிப் பயனில்லை, தொட்டியையே பிரித்து ஒட்ட வேண்டும். சுரண்டிய இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஈர விரலை ஓட்டினேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் சிலிக்கான் இன்னும் படிந்திருக்கிறது என்று அர்த்தம். பரவினால் கண்ணாடி சுத்தம். பின்மூலை மூன்று முறை துடைத்த பிறகுதான் சுத்தமானது.

டியூப் வாங்கப் போகும் முன்பு தயாரிப்பாளரின் தளத்தில் டெக்னிக்கல் டேட்டா ஷீட்டை இறக்கிப் படித்தேன். முன்பக்க மீன் படத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. பயன்பாடு என்ற இடத்தில் மீன் தொட்டி என்று எழுத்தில் இருக்கிறதா, கட்டுப்பாடுகள் என்ற இடத்தில் தொட்டியின் அளவுக்கு வரம்பு சொல்லியிருக்கிறார்களா, பூஞ்சை எதிர்ப்பு என்ற சொல் எங்காவது வருகிறதா, இவற்றைத்தான் பார்த்தேன். கடையில் காலாவதித் தேதியையும் பார்த்தேன். பழைய டியூப் சரியாக இறுகாது, பிசுபிசுவென்றே நிற்கும். ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அவர் வாங்கியது 850.

மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு மூலையிலிருந்து நிறுத்தாமல் ஓட்டி, பத்து நிமிடத்துக்குள் விரலால் வழித்து, மேலே தோல் கட்டும் முன் டேப்பை எடுத்துவிட்டேன். இறுகுவது ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். உள்ளே போகப் போக இன்னும் மெதுவாகும். அதனால் தடிமனான மூலைக்கு 24 மணி நேரம் போதவே போதாது. எட்டு நாள் விட்டேன். கிட்டே மூக்கை வைத்தாலும் வினிகர் நெடி இல்லை என்ற பிறகு, பால்கனியில் செய்தித்தாள் விரித்து, தொட்டியை அதன் மேல் வைத்து, நிரப்பி இரண்டு நாள் பார்த்தேன். தாள் நனையவில்லை. பழைய ஸ்பாஞ்சையும் கூழாங்கல்லையும் தூக்கிப் போட்டேன். அவை விஷத்தை எவ்வளவு உறிஞ்சியிருக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. புது ஃபில்டர் பழகி அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியத்தில் நிற்க ஐந்து வாரம் ஆனது. அதுவரை மிஞ்சிய நான்கு மீனும் நீல டப்பில்தான் இருந்தன. தினமும் பாதித் தண்ணீர் மாற்றினேன்.

போன ஞாயிறு அவற்றைத் தொட்டிக்கு மாற்றினோம். கோரிடோராஸ் மூன்றும் புது மணலைக் கிளற ஆரம்பித்துவிட்டன. ஏஞ்சல் அந்த ஜோடியின் ஆண் மீன். பழைய இடத்திலேயே, ஸ்வார்ட் இலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. காலி டியூப்பையும் டேப்பையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குப் போட்டோ அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்கு வருபவர் கையில் இருக்கும் டியூப்போடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.