'கிரீன் ஸ்பாட்' குட்டை ஐரிஸ்: தாய்ச்செடியாக வாங்கலாமா?

அமெரிக்காவின் ஐரிஸ் கலப்பின வளர்ப்பாளர் பால் குக் 1951-இல் வெளியிட்ட ஐரிஸ் பூச்செடி ரகம் இது. இன்றும் கிழங்காக விற்பனைக்குக் கிடைக்கிறது. உயரம் சுமார் 25 செ.மீ., வெள்ளைப் பூ, தொங்கும் இதழில் பாசிப்பச்சைப் பொட்டு. தோட்டத்துக்கு அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் புது ரகம் உருவாக்க ஆசைப்படுபவர்களுக்குத்தான் இதன் முழு மதிப்பு தெரியும்.

எல்லாம் குரோமோசோம் கணக்கு. உயரமான தாடி ஐரிஸுக்கு (தொங்கும் இதழில் தாடிபோல் மயிர் உள்ள வகை) 48, ஐரிஸ் பூமிலா என்ற குட்டைக் காட்டினத்துக்கு 32. இரண்டும் கலந்த இந்தக் குட்டை வகைக்கு 40: உயரச் செடி தந்த 12+12, பூமிலா தந்த 8+8. பன்னிரண்டோடு பன்னிரண்டும் எட்டோடு எட்டும் ஜோடி சேர்வதால், மகரந்தமும் சூலும் தலா 20 குரோமோசோமோடு ஒழுங்காக உருவாகின்றன. கலப்பினம் என்றாலே மலடு என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ஆகவே 40 குரோமோசோம் உள்ள இன்னொரு குட்டை ரகத்தோடு கலந்து விதை எடுங்கள். தலைமுறை தலைமுறையாகத் தொடரலாம். உயரச் செடியோடு சேர்த்தால் 44 வரும். நடுத்தர உயரம், அருமையான பூ, ஆனால் பாதை அங்கேயே முடிகிறது: பன்னிரண்டு மூன்று தொகுதி, எட்டு ஒரே தொகுதி. ஜோடி குழம்பி, பெரும்பாலும் மலடு. பூமிலாவோடு திரும்பச் சேர்த்தால் 36. அதில் துணையின்றி நிற்பது பன்னிரண்டு. விதை பிடிப்பது அரிது.

கலப்பு செய்யும் முறை இது: மொட்டு விரிவதற்கு முன்பே மகரந்தப்பைகளையும் தொங்கும் இதழ்களையும் நீக்கிவிடுங்கள். தேனீ இறங்க இடமிருக்காது. பூ முதிர்ந்ததும், இதழ்போன்ற சூல்தண்டுக் கிளையின் கீழ்ப்புறத்தில், நுனிக்கு அருகே உதடுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியில் உலர்ந்த மகரந்தத்தைத் தடவி, பெற்றோர் பெயரை எழுதிக் கட்டுங்கள். மழையில் நனைந்த மகரந்தம் வீண். காய் முற்ற ஏறத்தாழ 8 வாரம். நுனி பழுப்பாகி வெடிக்கும்போது பறிக்கலாம். இலையுதிர்காலத்தில் விதைத்துக் குளிரில் விடவேண்டும். சில விதைகள் இரண்டாம் வசந்தத்தில்தான் முளைக்கும், தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

கிழங்கின் முதுகு வெயிலில் தெரியும்படி நடுங்கள். ஆழப் புதைத்தால் அழுகும். லண்டன், டொராண்டோவில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். சென்னை, மதுரையில் இருப்பவர்கள் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். குளிர்காலக் குளிர் இல்லாமல் இது பூக்காது.