டேங்க்கில் துரு, பில்லில் கார்புரேட்டர்: செங்கோட்டை - புனலூர் ரோட்டில் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

புளியரை மேட்டில் பைக் திணறி நின்றால், ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் முதலில் வரும் வார்த்தை "கார்புரேட்டர் போச்சு". நம்பிவிடாதீர்கள். போன வாரம் பார்த்த ஒரு 125 சிசி வண்டிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் புதுக் கார்புரேட்டர் மாட்டி 2,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பில் கிடையாது, பழைய சாமானும் கைக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் அதே மேட்டில் அதே திணறல். திரும்பப் போனவரிடம், பெட்ரோல் டேப்புக்குள் இருக்கும் சல்லடையைப் பிடுங்கிவிட்டு "இனி அடைக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான பவுலை நான் கழற்றியபோது காப்பித்தூள் மாதிரி துரு, ஊடே கடுகு கடுகாக உருளும் தண்ணீர். பெட்ரோல் போகும் நுண்துளையான பைலட் ஜெட்டில் வெளிச்சமே தெரியவில்லை.

குற்றவாளி டேங்க். பாதி காலியான டேங்க்கோடு சாரல் காலத்தில் வண்டி வெளியே நின்றால், உள்ளே ஈரம் வியர்த்து அடியில் தேங்கும். மூடி ரப்பர் வெடித்திருந்தால் மழையே நேராக இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். மேடு ஏறும்போது டேங்க் பின்சாய்கிறது. பெரும்பாலான வண்டிகளில் டேப் இருப்பதும் பின்பக்கம்தான். அதனால்தான் தென்காசிக்குள் ஒழுங்காக ஓடும் வண்டி மலையில் மக்கர் செய்கிறது. டேப்பை ரிசர்வில் (டேங்க்கின் அடியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் நிலை) போட்டதும் நின்றால் சந்தேகம் உறுதி.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். எஞ்சின் ஆறியபின், வெட்டவெளியில், கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். நூல் அறாமல் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே வேகம் பிடித்தால் மூடியின் காற்றுத்துளைதான் அடைப்பு, செலவே இல்லை. அடுத்து ரிசர்வில் கால் லிட்டர் பிடித்து ஆடாமல் வையுங்கள். அடியில் தனியாகக் கோடு பிரிந்தால் தண்ணீர், செம்பொடி துரு, கறுப்புத் துணுக்கு உளுத்த டியூப்.

"ஆசிட் வாஷ்" என்பார்கள், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். வெல்டிங் ஓரத்தில் ஊசித்துளை விழுந்து, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும். சரியாக நடுநிலையாக்காமல் விட்டால் மறுநாளே புதுத்துரு பூக்கும்.

டேங்க்கை இறக்கி, டேப்பையும் பெட்ரோல் மீட்டர் மிதவையையும் கழற்றி, துளைகளை அடைத்துவிட்டு, 6 எம்எம் நட்டு 25 எண்ணிப் போட்டு அரை லிட்டர் டீசலோடு நன்றாகக் குலுக்குங்கள். வெளியே எடுக்கும்போதும் 25 இருக்க வேண்டும். டீசல் பிசுக்கை சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, வெள்ளை வினிகரை வாய்வரை நிரப்பி ஒருநாள் விடுங்கள். பிறகு 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சமையல் சோடா கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, அன்றைக்கே 50 மில்லி 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) உள்ளே சுற்றிப் பூசுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். டேப்புக்குப் புது ஓ-ரிங், சல்லடை கட்டாயம். பவுலையும் ஜெட்டையும் சுத்தம் செய்தால் பழைய கார்புரேட்டரே ஓடும்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 (புகைக்கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்.ஐ. முறைதான். பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கும், லைனில் அழுத்தம் அதிகம். அதில் டியூபைக் கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். கடை கேரளாவில் இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பில் இல்லாவிட்டால் ஜிபே ரசீதையும், கழற்றிய பவுலின் போட்டோவையும் பத்திரமாக வையுங்கள்.