பால்வெட்டு நேரத்தில் நின்றுபோகும் பாட்டு: மூன்று வருட அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் வெளிச்சம் வரும்வரை பாட்டுதான் துணை. மூன்று வருடமாக ஒரே இசைச் செயலியைக் கட்டணம் கட்டிக் கேட்டுவருகிறேன். பாட்டுகளின் தொகுப்பில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் முதல் வருடம் முழுக்க, மூன்றாவது பாட்டு பாதியிலேயே நின்றுவிடும். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, பட்டையைச் சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைக்கும் கையில் பால் காய்ந்து பிசுபிசுவென்று இருக்கும். அந்த விரலுக்குத் திரை எங்கே கேட்கும்? லுங்கியில் துடைத்துவிட்டுத் தட்டினால் உடனே பாடும். பத்து மரம் தாண்டுவதற்குள் மறுபடியும் நின்றுவிடும்.

இங்கே மலை மறைவில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் சிக்னலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உதவிப் பக்கத்தில் சொன்னபடி செயலியை அழித்து மீண்டும் நிறுவினேன். பதிவிறக்கி வைத்திருந்த பாட்டுகள் எல்லாம் போயின. கோளாறு மட்டும் போகவில்லை.

ஒருநாள் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, பதிவிறக்கிய பாட்டைப் போட்டுத் திரையைப் பூட்டி வைத்தேன். அப்போதும் நின்றது. அப்படியானால் சிக்னல் மேல் என்ன தப்பு? திரை அணைந்ததும், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று ஆண்ட்ராய்டு போனே செயலியை நிறுத்தியிருக்கிறது. போன் அமைப்புகளில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரிப் பகுதியில் இருந்த கட்டுப்பாட்டை நீக்கினேன். மறுநாள் கடைசி மரம்வரை ஒரு பாட்டுகூட நிற்கவில்லை. உதவிப் பக்கத்தில் இதை முதல் வரியிலேயே போட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போனைப் புதுப்பித்தபோது ஒருமுறை கட்டுப்பாடு தானாகத் திரும்பி வந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அதைப் பார்த்துவிடுகிறேன்.

பாட்டு திக்கித் திக்கி வந்தால் அது வேறு கதை. அங்கே குற்றவாளி சிக்னல்தான். ஒலித்தரத்தை 160 கேபிபிஎஸ்ஸிலிருந்து (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற அளவு) 96 ஆகக் குறைத்தால், ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 6 எம்பிக்குப் பதிலாக 3.6 எம்பியில் முடிந்துவிடும். மார்த்தாண்டம் போகும் பஸ் இரைச்சலில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

செயலியின் தற்காலிகச் சேமிப்பை (கேஷ்) நீக்கப் போகிறவர்கள் கவனமாக இருங்கள். போன் அமைப்புகளில் அதன் அருகிலேயே தரவை நீக்கும் பொத்தானும் இருக்கும். அதைத் தொட்டால் பதிவிறக்கிய பாட்டுகளும் போய்விடும்.