விஆர்சாட்டா, ரெசொனைட்டா: உங்கள் உலகத்தை எங்கே கட்டலாம்?

விஆர்சாட்டும் ரெசொனைட்டும் பலர் சேர்ந்து நுழையும் மெய்நிகர் (விஆர்) உலகத் தளங்கள். இரண்டிலும் நீங்கள் கட்டிய இடத்துக்குள் மற்றவர்கள் வந்து நடமாடலாம், பேசலாம், பொருட்களை எடுத்து விளையாடலாம். ஆனால் விஆர்சாட்டில் உலகம் வெளியே, யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் உருவாகிறது. முடித்து ஏற்றிய பிறகுதான் அதற்குள் ஆட்கள் வருவார்கள். ரெசொனைட்டில் உலகத்துக்குள் நின்றபடியே கட்டுகிறீர்கள், பக்கத்தில் நிற்பவரும் கூடவே கட்டலாம். நன்மையும் தொல்லையும் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே வருகின்றன.

விஆர்சாட் 2017-இல் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் வந்தது. நியோஸ்விஆர் என்ற முந்தைய தளத்தை உருவாக்கியவர்கள் அதிலிருந்து விலகி, 2023 அக்டோபரில் ரெசொனைட்டை வெளியிட்டார்கள்.

விஆர்சாட்டில் தொடங்க முதலில் கிரியேட்டர் கம்பேனியன் என்ற அதன் உதவி மென்பொருளை நிறுவுங்கள். எந்த யூனிட்டிப் பதிப்பு வேண்டும் என்பதை அதுவே சொல்லும். சொந்தமாக வேறு பதிப்பை இறக்கிக்கொண்டு போனால் ஏற்றும் கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 'வேர்ல்ட்' வார்ப்புருவில் திட்டத்தைத் திறந்து, விஆர்சிவேர்ல்ட் என்ற பிரீஃபாபை (முன்தயாரித்த பொருளை) காட்சியில் வையுங்கள். ஆட்கள் வந்து நிற்கும் இடமும், எவ்வளவு கீழே விழுந்தால் அங்கே திரும்ப வருவார்கள் என்ற உயர அளவும் அதில்தான் இருக்கின்றன. 'பில்ட் அண்ட் டெஸ்ட்' கொடுத்தால் ஒரே கணினியில் இரண்டு கிளையன்ட்களை, அதாவது இரண்டு ஆட்கள் உள்ளே வந்ததுபோல் விஆர்சாட்டை இரண்டு முறை, திறந்து பார்க்கலாம். ஸ்டீம் கணக்கில் மட்டும் நுழைந்தவர்களால் ஏற்ற முடியாது. தனி விஆர்சாட் கணக்கு வேண்டும், அதுவும் 'விசிட்டர்' என்ற தொடக்க நம்பிக்கை நிலையைத் தாண்டி 'நியூ யூசர்' ஆகியிருக்க வேண்டும். ஆகவே உலகம் தயாராகும் முன்பே உள்ளே போய் ஆட்களோடு பழகத் தொடங்கிவிடுங்கள்.

இரண்டின் குணமும் ஒரு கதவைச் செய்து பார்த்தால் நன்றாகத் தெரியும். பொத்தானைத் தட்டினால் கதவு திறக்க வேண்டும், எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். விஆர்சாட்டில், அதன் உடான் நிரல் அமைப்புக்கான உடான்ஷார்ப் மொழியில் சிறிய நிரல் எழுதி, தட்டியதும் எல்லோருக்கும் நெட்வொர்க் ஈவென்ட் (ஒருமுறைச் செய்தி) அனுப்புவதுதான் பலரும் முதலில் செய்வது. இரண்டு கிளையன்ட்களில் சோதித்தால் பிரமாதமாக வேலை செய்யும். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே வருபவருக்கோ கதவு மூடியே இருக்கும், மற்றவர்கள் சுவருக்குள் நடந்து போவதாகத் தெரியும். அந்த ஈவென்ட் அப்போது உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே போனது, பின்னால் வருபவருக்குக் கிடைக்காது. கதவின் நிலையை ஒத்திசைக்கப்படும் மாறியில் (எல்லோருக்கும் ஒரே மதிப்பு போய்ச் சேரும் இடத்தில்) வைக்க வேண்டும். தட்டியவர் முதலில் அந்தப் பொருளின் உரிமையை எடுத்து, மாறியை மாற்றி, அதை எல்லோருக்கும் அனுப்பச் சொல்லும் 'ரிக்வெஸ்ட் சீரியலைசேஷன்' அழைக்க வேண்டும். மற்றவர்கள் பக்கம் மதிப்பு வந்து சேர்ந்ததைச் சொல்லும் 'ஆன் டிசீரியலைசேஷன்' வந்ததும் கதவை நகர்த்த வேண்டும். உரிமை எடுக்காமல் மாற்றினால் அந்த மாற்றம் உங்கள் திரையோடு நின்றுவிடும். அதன்பின் உரிமையாளரிடமிருந்து அடுத்த தரவு வரும்போது அதுவும் அழிந்துபோகும்.

அதே கதவை ரெசொனைட்டில் செய்ய நிரலே வேண்டாம். டெவ் டூல் என்ற கட்டும் கருவியைக் கையில் எடுத்து 'கிரியேட் நியூ' வழியாக ஒரு பெட்டியை உருவாக்குங்கள். அதில் பொத்தான் காம்பொனென்ட்டும் (பொருளுக்கு ஒரு செயலைத் தரும் துண்டு) 'பட்டன் டாகிள்' காம்பொனென்ட்டும் சேர்த்து, ஒரு பூலியன் (ஆம்/இல்லை) மதிப்பை நோக்கித் திருப்புங்கள். 'பூலியன் வேல்யூ டிரைவர்' அந்த மதிப்பைக் கதவின் சுழற்சியாக மாற்றும். அவ்வளவுதான். அங்கே எல்லாமே இயல்பாக ஒத்திசைக்கப்படுவதால் பின்னால் வருபவருக்கும் கதவு சரியாகவே தெரியும். ஒருவருக்கு மட்டும் வேறாகத் தெரிய வேண்டும் என்றால்தான் கூடுதல் வேலை, அதற்கு 'வேல்யூ யூசர் ஓவர்ரைடு' இருக்கிறது. நெட்வொர்க் என்றால் என்னவென்றே தெரியாதவரும் முதல் நாளிலேயே பலர் சேர்ந்து இயக்கும் பொருளைச் செய்துவிட முடிகிறது. இந்தத் துறையில் இதைவிடப் பெரிய கொடை இல்லை.

அங்கே வரும் சிக்கல் வேறு வகை. சுழலும் காற்றாடி ஒன்றுக்கு, ரெசொனைட்டின் காட்சிவழி நிரலாக்கமான புரோட்டோஃபிளக்ஸில் ஒவ்வொரு ஃபிரேமிலும் கோணத்தை 'எழுதினால்', எழுதும் ஒவ்வொரு முறையும் அது நெட்வொர்க்கில் எல்லோருக்கும் போகும். அப்படி இருபது காற்றாடிகள் இருந்தால் அறையே திக்கும். எழுதாமல் 'டிரைவ்' செய்யுங்கள், அதாவது கோணத்தை ஒரு கணக்கோடு நேரடியாக இணைத்துவிடுங்கள். அப்போது ஒவ்வொருவர் கணினியும் தானே கணக்கிட்டுக்கொள்ளும், நெட்வொர்க்கில் எதுவும் போகாது. டிரைவ் செய்யப்பட்ட மதிப்பைக் கையால் மாற்ற முடியாது. பொருள் 'நகர மறுக்கிறது' என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

இன்னொன்று, ரெசொனைட்டில் அமர்வைத் திறந்தவர் கணினியே சர்வர். அவர் கணினி நின்றால் அமர்வும் முடியும், சேமிக்காத வேலை போகும். அவருடைய இணைய இணைப்பின் பதிவேற்ற வேகம்தான் எல்லோருக்கும் வரம்பு. பொது அமர்வு திறக்கும்போது புதிதாக வருபவர்களின் இயல்புநிலைப் பொறுப்பை 'பில்டர்' என விடாமல் 'கெஸ்ட்' என மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கூரையைக் கழற்றிவிடலாம்.

வெளிச்சத்தில் விஆர்சாட் தெளிவாக முன்னால் நிற்கிறது. யூனிட்டியில் விளக்கொளியை லைட்மேப்பாக (முன்கூட்டியே கணக்கிட்ட ஒளிப்படமாக) சுட்டு வைத்தால், நேரலை விளக்கு ஒன்றுகூட இல்லாமல் அழகான அறை கிடைக்கும். சுவரில் அழுக்குத் திட்டுகள் தெரிந்தால் மாடலின் இறக்குமதி அமைப்பில் 'ஜெனரேட் லைட்மேப் யூவி' டிக் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரெசொனைட்டுக்கு ஒளியை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சுட்டு டெக்ஸ்ச்சராக (பரப்பில் ஒட்டும் படமாக) கொண்டுபோக வேண்டும்.

ஆட்கள் வருகையிலும் விஆர்சாட்டே. ஹெட்செட் இல்லாதவர் கணினித் திரையிலோ ஆண்ட்ராய்டு போனிலோ வரலாம். ரெசொனைட்டுக்குக் கணினி கட்டாயம், குவெஸ்ட் என்ற தனித்து இயங்கும் ஹெட்செட் வைத்திருப்பவரும் அதைக் கணினியோடு இணைத்தாக வேண்டும். ஆனால் போனுக்கும் குவெஸ்டுக்கும் விஆர்சாட் உலகத்தைத் தனியாக ஆண்ட்ராய்டுக்கு மாற்றி, அதே அடையாள எண்ணில் மறுபடி ஏற்ற வேண்டும். எண் மாறினால் அது வேறு உலகம், கணினி நண்பரும் போன் நண்பரும் சந்திக்கவே முடியாது. ஆண்ட்ராய்டு பதிப்புக்கு 100 எம்பி வரம்பு உண்டு. அளவைத் தின்பது பெரும்பாலும் டெக்ஸ்ச்சர்தான். ஆண்ட்ராய்டுக்கான ஏஎஸ்டிசி 4x4 சுருக்கத்தில் 4096 பிக்சல் படம் மிப்மேப்போடு (தூரத்தில் காட்டும் சிறிய நகல்களோடு) சேர்த்து நினைவகத்தில் ஏறத்தாழ 21 எம்பி பிடிக்கும், 2048 ஆக்கினால் 5 எம்பி சொச்சம்தான். உலகத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தால் அணைத்த நிலையிலேயே வையுங்கள். அது காட்சியை இன்னொரு முறை வரைய வைக்கிறது.

தமிழில் பலகை வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்புரோ எழுத்துகளைத் தட்டிய வரிசையிலேயே வரைகிறது. 'கெ' என்றால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும், 'கோ' சிதறும். பெயர்ப்பலகைகளைப் படமாகச் செய்து ஒட்டுவதே வழி, ஒளி ஊடுருவும் பின்னணியுள்ள பிஎன்ஜி போதும். படமாக இருப்பதால் ரெசொனைட்டுக்கும் அதையே கொண்டுபோகலாம்.

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து கட்டிப் பழக நினைத்தால் ரெசொனைட்டில் தொடங்குங்கள். முன்பின் தெரியாதவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்றால் விஆர்சாட்டில் உடானோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

எதில் கட்டினாலும் மூலக் கோப்புகள் உங்கள் கையில் இருக்கட்டும். இதேபோன்ற தளங்களில் ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது, மொசில்லா ஹப்ஸின் சேவை 2024 மே 31 அன்று நின்றது. ரெசொனைட் பொருட்களைத் தொகுப்புக் கோப்பாகக் கணினிக்கு ஏற்றுமதி செய்யலாம். விஆர்சாட்டில் ஏற்றிய உலகத்திலிருந்து யூனிட்டித் திட்டத்தைத் திரும்ப இறக்க முடியாது. ஆகவே திட்டத்தின் அசெட்ஸ், பேக்கேஜஸ், புராஜெக்ட் செட்டிங்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். பல ஜிபி பிடிக்கும் லைப்ரரி கோப்புறை வேண்டாம், திட்டத்தைத் திறக்கும்போது யூனிட்டியே அதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.