கதாபாத்திர மாற்றத்துக்கு மூன்று கட்டப் பயிற்சித்தாள் போதுமா?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, சிறுகதையில் ஒருவர் எப்படி மாறுகிறார் என்று சொல்லித்தர, ‘தொடக்கம், நடு, முடிவு’ என்ற மூன்று கட்டப் பயிற்சித்தாளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஒரு பக்கம்தான், ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். ஆனால் அப்படியே கொடுத்தால் கதைச்சுருக்கம்தான் திரும்பி வரும். கட்டங்கள் ‘என்ன நடந்தது’ என்று கேட்கின்றன, ‘எப்படிப்பட்டவன்’ என்று கேட்பதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் லாங்ஸ்டன் ஹியூஸின் ‘தேங்க் யூ, மேம்’ (1958) சிறுகதைக்கு இதை நிரப்பினால் குறை பளிச்சென்று தெரியும். தன் கைப்பையைப் பறிக்க வந்த ரோஜர் என்ற சிறுவனை ஓர் அம்மாள் தன் வீட்டுக்கு இழுத்துப் போகிறார். அங்கே பையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டுச் சமைக்கப் போகிறார். ரோஜரோ பையை விட்டுத் தள்ளி, அவர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து உட்காருகிறான். கதையின் உயிரே அந்த உட்காரும் இடத்தில்தான் இருக்கிறது! ‘முடிவு’ கட்டத்திலோ அந்த அம்மாளிடமிருந்து அவனுக்குப் பத்து டாலர் கிடைத்தது என்பது மட்டும்தான் ஏறும்.

நடுக் கட்டத்தைச் ‘செயல்’, ‘அதைத் தூண்டியது’ என்று இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து ஒரு வரியைச் சான்றாகக் கேளுங்கள். ‘முதலில் பயந்தான், பிறகு மகிழ்ந்தான்’ என்று எழுதினால் அது மனநிலை, வளர்ச்சி அல்ல. நாளைக்கும் அதே சூழல் வந்தால் வேறு மாதிரி நடப்பானா என்று கேட்டால் பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள்.

மாறாத பாத்திரத்துக்கு இந்தத் தாளில் இடமே இல்லை. அந்த அம்மாள் மாறுவதில்லை, மாற்றுகிறார். அவருக்கென ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்துகொள்ளுங்கள்.