பற்றுச்சீட்டு வந்தது, பணம் வரவில்லை: முற்பணம் வாங்கித் தொழில் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், புறாமலைக்குப் படகு ஓட்டுகிறவர்கள், வான் வாடகைக்குக் கொடுப்பவர்கள் என, முற்பணத்தை இணையவழியில் பெற்றுத் தொழில் நடத்தும் அனைவரும் இதைப் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பொசன் விடுமுறைக்கு முன்பு எங்களிடமிருந்து 45,000 ரூபா ஏமாற்றிப் பறிக்கப்பட்டது. பறித்தவன் ஒருபுறமிருக்க, பணம் பறிபோன பின்னர் நான் பயன்படுத்திய கொடுப்பனவுச் செயலியின் நிறுவனம் நடந்துகொண்ட விதமே என்னை இதை எழுதவைத்தது. நிறுவனத்தின் பெயரையும் வங்கியின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. முறைப்பாடு இன்னும் விசாரணையில் உள்ளது; தவிரவும், நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று.

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை எங்கள் கடல் அமைதியாக இருக்கும் காலத்தில்தான் எங்களுக்குப் பிழைப்பு. போயா தினத்தோடு சனி, ஞாயிறு சேர்ந்து வந்தால் தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு அறை கொடுத்து முடியாது. முற்பணம் வாங்காமல் அறையை ஒதுக்கிவைத்தால், வராமல் விட்டவர்களால் நட்டம் எங்களுக்கு. வெளிநாட்டுப் பயணிகள் பேபாலில் அனுப்பட்டுமா என்று கேட்பதுண்டு. இலங்கையிலிருந்து அதன் வழியாகப் பணம் செலுத்தலாம், ஆனால் இங்குள்ளவர்கள் பெற்றுக்கொள்ளும் வசதி இதை எழுதும் நாள்வரை இல்லை. ஆகவே வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொடுப்பதும், அனுப்பியவர் பற்றுச்சீட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுவதும், நாங்கள் அதைப் பார்த்து அறையை உறுதிப்படுத்துவதும் இந்த ஊரில் வழமையாகிவிட்டது. மோசடிக்காரர்கள் இந்த வழமையை நன்றாகப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் வருவதாகவும், இரண்டு அறைகளும் மூன்று இரவுகளுக்கு வேண்டும் என்றும் கூறி ஒருவர் தமிழில் பேசினார். வாடகை 54,000 ரூபா, அதில் பாதி முற்பணம் என்று சொன்னேன். பேரம் பேசவில்லை. காலை உணவு சேருமா, வாகனம் நிறுத்த இடமுண்டா, கோணேசர் கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று, உண்மையாக வரப்போகிறவர் கேட்கும் எல்லாவற்றையும் கேட்டார். மாலையில் 72,000 ரூபா வைப்பிட்டதற்கான பற்றுச்சீட்டின் படம் வந்தது. அதைத் தொடர்ந்து வங்கியின் பெயரில் குறுந்தகவலும் வந்தது. பின்னர் அவரே பதற்றமான குரலில் அழைத்தார்: “அக்கா, எங்கட அக்கவுண்ட்ஸ் பிள்ளை வான்காரருக்குப் போடவேண்டியதையும் சேர்த்து உங்களுக்குப் போட்டுட்டா. வான்காரர் டீசல் அடிக்க நிக்கிறார். அந்த 45,000ஐ அவற்ற கணக்குக்கு அனுப்பிவிட ஏலுமா?”

அந்தக் குறுந்தகவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் தங்கியிருந்தது. அது தெரியாத இலக்கத்திலிருந்து வரவில்லை. என் வங்கியின் பெயரோடு, வங்கி அனுப்பிய பழைய குறுந்தகவல்களின் வரிசையிலேயே, மின்கட்டணம் செலுத்தியதற்கான உண்மையான தகவலுக்கு நேர் கீழே அது வந்து அமர்ந்தது. அனுப்புநர் என்று திரையில் தோன்றும் பெயரைப் போலியாக இட்டு அனுப்ப முடியும் என்பதும், பெயர் ஒன்றாக இருந்தால் கைத்தொலைபேசி அவற்றை ஒரே வரிசையில் அடுக்கிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. பின்னர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது. உண்மையான தகவலில் கணக்கு இலக்கத்தின் கடைசி நான்கு இலக்கங்களும், பணம் சேர்ந்த பின் உள்ள மீதியும் இருக்கும். போலியில் தொகையும் திகதியும் மட்டுமே இருந்தன. என் மீதியை அறிந்திராத ஒருவன் அந்த விவரத்தை எழுதியிருக்க முடியாது அல்லவா?

நான் பயன்படுத்திய செயலி என் வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டது. கணக்கிலிருந்து பணத்தை எடுத்து அனுப்ப அது அனுமதிக்கும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது. பெறுபவரின் பெயரை நானே தட்டச்சுச் செய்ய வேண்டும், அந்தப் பெயர் கணக்கு இலக்கத்தோடு பொருந்துகிறதா என்று அது சரிபார்க்கவில்லை. வான்காரர் என்று எனக்குச் சொல்லப்பட்ட பெயரை இட்டேன், பணம் கண்மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. திரையில் பச்சை நிறத்தில் சரி அடையாளமும் வந்தது. அந்தக் கணக்கு வேறொரு மாவட்டத்தைச் சேர்ந்த, வேறு பெயருடைய ஓர் இளைஞருடையது என்பது பின்னரே தெரியவந்தது.

இரவு என் கணவர் நகருக்குள் போனவர் ஏ.டி.எம். இயந்திரத்தில் மீதியைப் பார்த்துவிட்டு அழைத்தார். “72 வரேல்லை. எங்கட காசில 45 போயிருக்கு” என்றார். உடனே அந்த ஆளை அழைத்தேன், இலக்கம் அணைக்கப்பட்டிருந்தது.

செயலியின் உதவி இலக்கத்தை அழைத்தேன். சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்துக்கு 3 என்று குரல் சொன்னது. 2ஐ அழுத்தினேன். நீண்ட நேரம் இசை ஒலித்தது. இடையிடையே ஒரு பெண்குரல், இந்தச் செயலியால் கட்டணம் செலுத்தினால் எவ்வளவு பணம் மீளக் கிடைக்கும் என்றும், எமது சேவை முற்றிலும் பாதுகாப்பானது என்றும் இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு இணைப்புத் துண்டிக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் முயன்றும் தமிழில் எவரும் வராததால் 1ஐ அழுத்தினேன். ஓரிரு நிமிடத்தில் ஒருவர் பேசினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். பணத்தை நிறுத்திவைக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும், விடயத்தை மின்னஞ்சலில் எழுதி அனுப்புமாறும், விடுமுறை முடிந்த பின்னர் உரிய பிரிவு பார்க்கும் என்றும் அவர் பணிவாகவே கூறினார். பணத்தை அனுப்புவதற்கு விடுமுறை இல்லை. அனுப்பிய பணத்தைத் தேடுவதற்கு மட்டும் விடுமுறை. முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைக் கேட்டேன், மின்னஞ்சலுக்குத் தானாகவே வரும் என்றார். வரவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்த பின், வாடிக்கையாளர் தாமே அங்கீகரித்த பரிமாற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று ஆங்கிலத்தில் சில வரிகள் வந்தன. நிபந்தனைகளின்படி அது சரியாகவே இருக்கலாம். அன்றிரவே பெறுநரின் வங்கிக்கு ஒரு தகவல் கொடுத்திருந்தால் பணம் அங்கேயே இருந்திருக்குமா என்ற என் கேள்விக்கு அந்தக் கடிதத்தில் விடை இல்லை.

இந்த அவசரம் ஏன் என்பதை விளக்க வேண்டும். முன்பு ஸ்லிப்ஸ் என்ற முறையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் போய்ச்சேர அன்றைய மாலையோ மறுநாளோ ஆகும். இன்று லங்காபே என்று அறியப்படும் நிறுவனம் 2015 இல் தொடங்கிய செஃப்ட்ஸ் முறையில், இரவானாலும் போயா தினமானாலும், பணம் அந்தக் கணமே பெறுநரின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வசதியான ஏற்பாடுதான், நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் வரவு வைக்கப்பட்ட பணத்தை, கணக்கின் உரிமையாளர் சம்மதிக்காமல் அல்லது நீதிமன்றம் கட்டளையிடாமல், பெறுநரின் வங்கி திருப்பித் தருவதில்லை. விசா, மாஸ்டர்கார்ட் அட்டையால் பொருளோ சேவையோ வாங்கி ஏமாந்தால் அட்டையை வழங்கிய வங்கியிடம் பிணக்கு எழுப்பலாம், பெரும்பாலான வகைகளில் அதற்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. கணக்கிலிருந்து கணக்குக்கு நாமே அனுப்பிய பணத்துக்கு அப்படியொரு பின்வழி கிடையாது. ஒரே கைத்தொலைபேசியில், ஒரே மாதிரியான பொத்தானை அழுத்திச் செய்யும் இரண்டு கொடுப்பனவுகளுக்கு இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதை எந்தச் செயலியும் எனக்குச் சொன்னதில்லை.

இணையவழிக் கொடுப்பனவு பாதுகாப்பானதா என்று இந்த நாட்களில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் விடயத்தில் எவரும் செயலிக்குள் ஊடுருவவில்லை, கடவுச்சொல்லைத் திருடவில்லை, பூட்டு எதையும் உடைக்கவில்லை. தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை இவற்றில் பெரும்பாலானவை நம்பத்தக்கவை என்றே இன்றும் நினைக்கிறேன். நம்ப முடியாதது அவற்றின் முறைப்பாட்டுப் பிரிவு. ஆகையால் புதிதாக ஒரு செயலியைப் பயன்படுத்த விரும்புகிறவர்கள், பணம் எதையும் போடுவதற்கு முன்பு, ஒரு விடுமுறை இரவில் அதன் உதவி இலக்கத்தை அழைத்து, தமிழில் பதில் கிடைக்கிறதா, ஒரு பரிமாற்றத்தை நிறுத்த யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சேவை மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்பதையும் பார்க்க வேண்டும். 2013 ஆம் ஆண்டின் கொடுப்பனவு அட்டைகள் மற்றும் செல்லிடக் கொடுப்பனவு முறைமைகள் பற்றிய ஒழுங்குவிதிகளின் கீழ் உரிமம் பெற்றோரின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உண்டு. எங்கள் செயலி அந்தப் பட்டியலில் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அதன் பின்னர் நாங்கள் தொழிலுக்கென்று தனியாக ஒரு கணக்கைத் திறந்து, செயலியை அதனோடு மட்டும் இணைத்திருக்கிறோம். வரும் முற்பணம் மாலையில் வேறு கணக்குக்கு மாற்றப்படும், நாளாந்தப் பரிமாற்ற எல்லையும் குறைக்கப்பட்டிருக்கிறது. படத்தையோ குறுந்தகவலையோ நாங்கள் இப்போது பார்ப்பதே இல்லை. வங்கியின் சொந்தச் செயலியில் மீதி கூடியிருந்தால்தான் அறை உறுதி. கூடுதலாகப் பணம் போட்டுவிட்டேன் என்று எவராவது சொன்னால், உங்கள் வங்கியூடாகக் கோரிக்கை விடுங்கள், எங்கள் வங்கி கேட்டால் சம்மதிக்கிறோம் என்று மட்டும் பதில் சொல்கிறோம். உண்மையாகவே தவறு செய்தவர் இதை ஏற்றுக்கொள்வார். மூன்றாம் ஆளின் கணக்குக்கு உடனே அனுப்பச் சொல்பவர் கோபப்படுவார். நிலாவெளியில் விடுதி நடத்தும் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இதே கதை, நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறி, மீண்டும் வந்திருக்கிறது. அவர் இந்தப் பதிலைச் சொன்னதும் மறுமுனையில் ஏச்சுத்தான் கிடைத்ததாம்.

இன்னொரு வகையும் எங்கள் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அலஸ்தோட்டத்தில் எங்கள் உறவினர் ஒருவர் பழைய தையல் இயந்திரத்தை விற்பதற்கு விளம்பரம் போட்டார். வாங்குவதாகச் சொன்னவர், பணத்தை ஏற்கெனவே செலுத்திவிட்டேன், பெற்றுக்கொள்ள இந்த இணைப்பில் உங்கள் அட்டை இலக்கத்தைக் கொடுங்கள் என்றார், அடுத்ததாகக் கைத்தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. என்ற ஒருமுறை இரகசிய இலக்கத்தையும் கேட்டார். நல்ல வேளையாக மகள் அருகில் இருந்து தடுத்துவிட்டாள். கணக்குக்குப் பணம் வருவதற்கு ஓ.டி.பி. ஒருபோதும் தேவைப்படாது, பணம் வெளியே போவதற்குத்தான் அது தேவை.

ஏமாற்றப்பட்டவர்கள் முதலில் செயலியை விட்டுவிட்டுத் தங்கள் வங்கியின் இருபத்துநான்கு மணிநேர இலக்கத்தை அழைத்து, பெறுநரின் வங்கிக்கு அறிவிக்கச் சொல்ல வேண்டும். அடுத்து பொலிஸ். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது, ஆனாலும் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதியவர் இதை ஒரு கடன் பிணக்காகப் பதிவு செய்யவே முற்பட்டார். போலிக் குறுந்தகவலைக் காட்டிய பிறகுதான் மோசடி என்று எழுதினார். பணம் போன கணக்கின் உரிமையாளரான இளைஞர், தரகுப் பணத்துக்காகத் தன் கணக்கை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். ஊரில் பிள்ளைகளிடம் இப்படிக் கணக்கைக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தால் பொலிஸ் முதலில் வருவது அவர்களின் வீட்டுக்குத்தான் என்று பெற்றோர் சொல்லி வைக்க வேண்டும்.

நிறுவனம் தந்த பதிலில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதலாம், 1935 என்ற இலக்கத்தில் பேசவும் முடியும். நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் முறையிட்டதற்கான சான்றை அங்கே கேட்பார்கள் என்பதால், தொலைபேசியில் பேசியதோடு நின்றுவிடாமல் மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள். மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலேயே ஒரு பிராந்திய அலுவலகமும் உண்டு. போலி இணைப்புகள், போலிக் குறுந்தகவல்கள் பற்றி கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101 இல் அறிவிக்கலாம். எங்கே போனாலும் பரிமாற்றத்தின் தொடரிலக்கம், பெறுநரின் கணக்கு இலக்கம், நேரம், வட்ஸ்அப் உரையாடல், குறுந்தகவல் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஆத்திரத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், இலக்கத்தைத் தடை செய்வதற்கு முன்பு எல்லாவற்றையும் படமெடுத்து அச்சிட்டு இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸில் கொடுத்த பிரதி திரும்பி வராது.